‘வாட்ஸ் அப்?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களும் கலந்திருக்கும் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். காலையில் எதிரே வரும் மேலாளர் ‘வாட்ஸ் அப்?’ என்கிறார். நீங்கள் நின்று ‘ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ’ என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் பத்தடி தாண்டிவிடுகிறார். இன்னொருவர் ‘யூ ஆல்ரைட்?’ என்று கேட்டதும், முகத்தில் ஏதோ வாட்டம் தெரிகிறது போலும் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டீர்கள். வயதில் இளையவர் ஒருவர் ‘ஹே’ என்று கூப்பிட்டது சுருக்கென்று தைத்தது. இவற்றுக்கெல்லாம் என்ன பொருள், எது மரியாதை, எது மரியாதைக் குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆங்கிலம் கற்பித்தே பல ஆண்டுகளை ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் மூன்று சங்கடங்களுக்கும் வேர் ஒன்றே. தமிழில் எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு மரியாதை, எவ்வளவு நெருக்கம் என்பதை ‘நீ’, ‘நீங்கள்’ என்ற சொற்களே பெரும்பாலும் தீர்த்துவிடுகின்றன. வினைமுற்றைக் கேட்டாலே உறவு தெரிந்துவிடும். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ‘தௌ’ என்று ஒரு ‘நீ’ இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் அது பொது வழக்கிலிருந்து மெல்ல நழுவியது. அதே நூற்றாண்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், மனிதரில் உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்லி, நீதிபதியையும் பிரபுவையும் ‘தௌ’ என்றே விளித்து வம்பில் மாட்டிக்கொண்டார்கள். காலம் அவர்கள் விரும்பிய சமத்துவத்தை நேர் எதிர்த் திசையிலிருந்து கொண்டுவந்தது. இன்று ராணிக்கும் ‘யூ’, பூனைக்கும் ‘யூ’.

ஆனால் மரியாதையை அளக்கும் தேவை எந்தச் சமூகத்தையும் விட்டுப் போவதில்லை. ‘யூ’ அந்த வேலையைக் கைவிட்டதும் பெயரைச் சொல்லும் விதம், சொற்களைச் சுருக்கும் அளவு, குரலின் ஏற்ற இறக்கம், முகமன் சொற்கள் எல்லாம் சேர்ந்து அதைப் பங்குபோட்டுக்கொண்டன. ஆகவே ஓர் ஆங்கில முகமனைக் கேட்டதும் அகராதியைப் புரட்டாதீர்கள். இவர் என்னிடம் ‘நீ’ என்கிறாரா, ‘நீங்கள்’ என்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி விடை கிடைத்துவிடும்.

இப்போது ‘வாட்ஸ் அப்’. இந்த இரண்டு சொற்களுக்கு மூன்று வேலைகள் உண்டு. நடந்துபோகிற போக்கில் சொன்னால் அது வெறும் முகமன். கேள்விக்குறி போட்டுக்கொண்ட ‘ஹாய்’. அதற்கு ‘நாட் மச்’ என்பதே பழகிப்போன பதில். பெரிதாக ஒன்றுமில்லை என்று பொருள். பின்னால் ஒரு ‘யூ?’ சேர்த்துத் திருப்பிவிட்டால் முறை முடிந்தது. அவர் கேட்டதையே நீங்களும் ‘ஹே, வாட்ஸ் அப்’ என்று திருப்பிச் சொன்னாலும் போதும். கேள்விக்குக் கேள்வியே பதிலாகிறதே என்று தர்க்கம் பார்க்கக் கூடாது. ‘ஃபைன்’ என்ற பதில் இங்கே ஒட்டாமல் நிற்பதற்குக் காரணம் இலக்கணம்தான். ‘என்ன நடக்கிறது’ என்று கேட்டவரிடம் ‘நலமாக இருக்கிறேன்’ என்று சொன்னால் எந்த மொழியிலும் ஒரு நொடி இடறும்.

இரண்டாவது, நீங்கள் மேலாளரின் அறைக் கதவைத் தட்டி ‘ஒரு நிமிடம் பேசலாமா?’ என்று கேட்கிறீர்கள். அவர் நிமிர்ந்து பார்த்து ‘ஷ்யூர், வாட்ஸ் அப்?’ என்கிறார். இங்கே அது உண்மையான கேள்வி. என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்கிறார். இதற்கு ‘நாட் மச்’ என்று பதில் சொல்லி நின்ற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். மேலாளர் விழித்தார், அவரும் விழித்தார். மூன்றாவது, உங்கள் முகம் வாடியிருக்கும்போது குரலைத் தாழ்த்தி ஒருவர் கேட்கும் ‘வாட்ஸ் அப்?’. அப்போது ‘என்ன ஆயிற்று?’ என்று பொருள். முகமனாக மாறுவதற்கு முன்பு இந்தத் தொடருக்கு இருந்த பொருளும் இதற்கு நெருங்கியதே. பிரிட்டனில் இன்றும் பலருக்கு இந்தப் பொருள்தான் முதலில் தோன்றும். மூன்றையும் பிரித்துக்காட்டுவது கால்கள்தான். கேட்டவர் நடந்துகொண்டே இருந்தால் முகமன், நின்றுவிட்டால் கேள்வி.

1940இல் வந்த கார்ட்டூன் படத்தில் பக்ஸ் பன்னி என்ற முயல் கேரட்டைக் கடித்தபடி, தன்னைச் சுட வந்த வேட்டைக்காரனிடமே ‘வாட்ஸ் அப், டாக்?’ என்று விசாரித்தது. துப்பாக்கியின் முன்னால் இவ்வளவு சாவகாசமான குசலமா என்பதுதான் அங்கே நகைச்சுவை. அந்தச் சாவகாசம் இத்தொடரின் குணத்திலேயே இருக்கிறது. 2009இல் தொடங்கிய வாட்ஸ்அப் செயலியின் பெயரும் இதை வைத்து ஆடிய சொல்விளையாட்டே. ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் பெயரைச் சொல்கிறோம். அதில் ஒரு நலம் விசாரிப்பு ஒளிந்திருப்பது பலருக்கு உறைப்பதில்லை. ‘வாட்ஸ்’ என்பதையும் விழுங்கி ‘சப்?’ என்று சொன்னால் அது இன்னும் நெருங்கிய வட்டத்துக்கானது. மேலாளர் உங்களிடம் சொல்லலாம். சேர்ந்த முதல் வாரத்தில் நீங்கள் அவரிடம் சொல்லாமல் இருப்பதே நல்லது.

‘ஹவ் ஆர் யூ?’ இதற்கு மூத்த சகோதரி. இதைப் பற்றிப் புலம்பாத வெளிநாட்டு மாணவரை நான் சந்தித்ததில்லை. ‘நலம் கேட்கிறார்கள், பதிலுக்கு நிற்பதில்லை, என்ன போலித்தனம்!’ என்பார்கள். போலித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இல் இத்தகைய பேச்சுக்கு ‘ஃபேட்டிக் கம்யூனியன்’ என்று பெயர் வைத்தார். செய்தி சொல்வதற்காக இல்லாமல், பேசிக்கொள்வதால் உண்டாகும் இணக்கத்துக்காகவே பேசும் பேச்சு என்று அதை விளக்கலாம். உங்கள் இருப்பை நான் கண்டுகொண்டேன், என்னால் உங்களுக்குத் தீங்கில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அது இல்லாமல் போனால்தான் அதன் அருமை தெரியும். ஒருவர் ஒரு வாரம் உங்களைக் கண்டும் காணாமல் போய்ப் பார்க்கட்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ் 1975இல் வெளியான கட்டுரை ஒன்றுக்கு ‘எல்லோரும் பொய் சொல்லியே ஆகவேண்டும்’ என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். அவர் எடுத்துக்கொண்டது இந்த ‘ஹவ் ஆர் யூ’வைத்தான். ‘நன்றாக இல்லை’ என்று சொன்னால் ‘ஏன்?’ என்று கேட்பது எதிராளியின் கடமையாகிவிடுகிறது. அந்தக் காரணத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே வயிற்றுவலியோடு நடந்துபோகிறவரும் ‘ஃபைன்’ என்கிறார். இந்தப் பொய்யால் ஏமாறுகிறவர் யாருமில்லை.

பதில்களுக்குள்ளும் படிநிலைகள் உண்டு. ‘குட், யூ?’ என்பது இன்றைய அமெரிக்க இயல்பு. ‘ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?’ என்பதில் பிழை எதுவும் கிடையாது. பாடப்புத்தகத்தின் அட்டை வாசனை வரும், அவ்வளவுதான். ‘ஐ ஆம் குட்’ தப்பு, ‘ஐ ஆம் வெல்’ என்றுதான் சொல்லவேண்டும் என்று திருத்த வருகிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். பிரிட்டிஷ்காரர்களின் அளவுகோல் மட்டும் ஒரு படி கீழே பொருத்தப்பட்டது. ‘நாட் டூ பேட்’ என்றால் உண்மையில் நன்றாகவே இருக்கிறார் என்று கொள்ளுங்கள். ‘கான்ட் கம்ப்ளெயின்’ என்றாலும் அப்படித்தான். ஆனால் குரல் தட்டையாக, கண்ணைப் பார்க்காமல் ‘ஃபைன்’ என்று வெட்டிச் சொன்னால் அங்கே ஏதோ சரியில்லை. சொல் அகராதிப்படி நலம். குரல் அகராதிப்படி ‘என்னை விட்டுவிடு’.

இதற்கு நெருங்கிய இன்னொன்று ‘ஹவ் ஹேவ் யூ பீன்?’. ‘ஹவ் ஆர் யூ’வை ஒத்திருந்தாலும் இது வேறு சரக்கு. கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு எப்படி இருந்தீர்கள் என்று பொருள். முன்பு பார்த்தே இராதவரிடம் இதைக் கேட்டால், ‘நாம் எங்கே சந்தித்தோம்?’ என்று அவர் நினைவைத் துழாவ ஆரம்பித்துவிடுவார். இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லலாம். உண்மையிலேயே செய்தியை எதிர்பார்க்கிற அரிய முகமன் இது. அதேபோல் ‘நைஸ் டு மீட் யூ’ முதல் சந்திப்புக்கு மட்டும். இரண்டாம் முறை அதையே சொன்னால் ‘உங்களை எனக்கு நினைவில்லை’ என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். அப்போது ‘மீட்’ போய் ‘ஸீ’ வரவேண்டும்.

‘ஹவ் டு யூ டு?’ இப்போது ஏறக்குறைய அருங்காட்சியகப் பொருள். அதற்குச் சரியான பதில் அதே ‘ஹவ் டு யூ டு?’தான். அதன் சுருக்கம்தான் அமெரிக்கத் தென்பகுதிகளிலும் மேற்குப் பகுதிகளிலும் ஒலிக்கும் ‘ஹௌடி’. ஒரே தொடரின் நீண்ட வடிவம் மாளிகை வரவேற்பறையிலும், சுருங்கிய வடிவம் மாட்டுப் பண்ணையிலும் குடியேறியிருப்பதைப் பாருங்கள். சுருக்கச் சுருக்க நெருக்கம் கூடும் என்ற விதிக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ‘குட் மார்னிங்’ சுருங்கி வெறும் ‘மார்னிங்!’ ஆவதும் இப்படியே.

இனி ‘யூ ஆல்ரைட்?’. நானே இதில் விழுந்தவன். முதன்முதலாக இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது, பக்கத்து மேசைக்காரர் தினமும் காலையில் ‘ஆல்ரைட்?’ என்பார். நான் பாதிக்கப்பட்டவன்போல் தெரிகிறேனோ என்று நான்கு நாள் மனதுக்குள் குமைந்து, ஐந்தாம் நாள் இரவு சரியாகத் தூங்கவில்லை என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் கையில் கோப்பையோடு மிகவும் கனிவாகக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் எதிர்பார்த்திருந்த பதில் ‘ஆல்ரைட்’ என்ற ஒரே சொல் என்பது எனக்கு அடுத்த மாதம்தான் தெரிந்தது. அமெரிக்கர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. அவர்கள் காதில் இது ‘உடம்புக்கு ஒன்றுமில்லையே?’ என்றே விழுகிறது. ஆகவே ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தால்கூட இது உடனே பிடிபடுவதில்லை.

ஊருக்கு ஊர் இப்படி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் ‘குட் டே’யின் சுருக்கமான ‘கிடே’யைத் தாண்டி ‘ஹவ் ஆர் யூ கோயிங்?’ என்று கேட்பார்கள். ‘எப்படிப் போகிறாய்’ என்று காதில் விழுந்து ‘பஸ்ஸில்’ என்று பதில் சொன்னதாக ஒரு பழைய நகைச்சுவை, வந்து குடியேறியவர்களிடையே உலவுகிறது. தென்னாப்பிரிக்காவில் ‘ஹவ்ஸிட்’; பதிலும் ‘ஹவ்ஸிட்’டாகவே இருக்கலாம். அயர்லாந்தில் ‘வாட்ஸ் த கிராக்?’ என்பார்கள். ஏதாவது சுவையான செய்தி உண்டா, கலகலப்பு எங்கே என்று பொருள். அந்தச் சொல்லுக்கும் போதைப்பொருளுக்கும் தொடர்பில்லை, பயப்படவேண்டாம். இங்கிலாந்தின் டெர்பி, நாட்டிங்ஹாம் பக்கம் ‘ஏ அப், மி டக்’ என்று வரவேற்றால் உங்களை யாரும் வாத்து என்று ஏசவில்லை. ‘டக்’ அங்கே அன்பான விளி. வடகிழக்கில் ‘பெட்’, கிளாஸ்கோவில் பெண்களுக்கு ‘ஹென்’, பல இடங்களில் ‘லவ்’. கடைக்காரர் ‘லவ்’ என்று அழைத்ததும் காதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், திருப்பி அழைக்கவும் வேண்டாம். இத்தகைய வட்டார முகமன்களைப் புரிந்துகொண்டால் போதும். லண்டன் இளைஞர்கள் ஜமைக்கா வழக்கிலிருந்து எடுத்துக்கொண்ட, ‘என்ன நடக்கிறது’ என்று பொருள்படும் ‘வாக்வான்’ போன்றவற்றை வெளியிலிருந்து வருகிறவர் எடுத்து வீசினால், இரவல் சட்டை தோளில் நிற்காததுபோல் இருக்கும்.

எனக்குப் பிடித்த ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. லண்டன் பழைய வழக்கில் ‘வாட்ச்சர்’ என்று ஒரு முகமன் உண்டு. அது ‘வாட் சியர்’ என்ற பழந்தொடரின் தேய்ந்த வடிவம். ‘சியர்’ என்றால் இன்று மகிழ்ச்சி. ஆனால் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு முகம் என்று பொருள். அதாவது ‘உன் முகம் எப்படி இருக்கிறது?’ என்பதே அந்தக் கேள்வியின் அடிப்படை. அகத்தின் அழகை முகத்தில் பார்க்கிற நமக்கு இது அந்நியமாகப் படாது. அமெரிக்காவின் ராட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பிராவிடன்ஸ் நகரம் ‘வாட் சியர்’ என்பதைத் தன் முத்திரை வாசகமாகவே வைத்திருக்கிறது. 1636இல் ரோஜர் வில்லியம்ஸ் படகில் வந்து இறங்கியபோது நாராகன்செட் பழங்குடியினர் அப்படிச் சொல்லி வரவேற்றதாக அந்நகரத்து வழிவழிக் கதை.

‘ஹலோ’ எல்லோரும் மரியாதையின் இலக்கணம் என்று நம்புகிற சொல். அதன் பூர்விகம் அப்படியொன்றும் கௌரவமானதல்ல. தூரத்தில் இருப்பவரைக் கூவி அழைக்கும் ‘ஹல்லோ’, ‘ஹாலோ’ போன்ற கத்தல்களின் உறவு அது. தொலைபேசி வந்தபோது எடுத்தவுடன் என்ன சொல்வது என்ற சிக்கல் எழுந்தது. கண்டுபிடித்த கிரகாம் பெல் கப்பல்காரர்களின் ‘அஹாய்’யை விரும்பினார். எடிசன் 1877இல் ஒரு கடிதத்தில் ‘ஹலோ’வைப் பரிந்துரைத்தார். எடிசன் ஜெயித்தார், தொலைபேசி இணைப்பகப் பெண்களுக்கு ‘ஹலோ கேர்ள்ஸ்’ என்றே பெயர் வந்தது. இன்று நேரில் சொல்லும் ‘ஹலோ’ சற்று விறைப்பானது, ‘ஹாய்’ இளகியது, அவ்வளவே வேறுபாடு. பிரிட்டிஷ்காரர் எதிர்பாராத பொருளைக் கண்டாலும் தனக்குள் ‘ஹலோ’ என்பார், வியப்பு அது.

உங்களைத் தைத்த ‘ஹே’வுக்கு வருகிறேன். தவறு அந்த இளைஞரிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை. தமிழ்க் காதில் இருக்கிறது. ‘ஹே’ என்ற ஒலி நமக்கு ‘ஏய்’ என்று விழுகிறது. ‘ஏய்’ நமக்கு அதட்டல். ஆங்கிலத்திலும் ‘ஹே’ ஒரு காலத்தில் கவனத்தைத் திருப்பும் கூவலாகவே பெரிதும் இருந்தது. பழைய தலைமுறை ஆசிரியர்கள் ‘ஹே என்பது குதிரைகளுக்கு’ என்று சிலேடையாகக் கண்டிப்பார்கள். வைக்கோலுக்கும் அதே ஒலி என்பதுதான் சிலேடை. இன்று அந்தக் கடுமை போய்விட்டது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் அது வெறும் ‘ஹாய்’. மற்ற இடங்களிலும் நட்பான அலுவலகச் சொல்லாகிவிட்டது. ‘ஹே’ சொன்னவர் உங்களைத் தன் வட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘ஹே, யூ!’ என்று உரக்கச் சொன்னால் அது நம் ‘ஏய்’தான். அதே இரண்டு சொற்களைத் தணிந்த குரலில், புன்னகையோடு, இழுத்துச் சொன்னால் கொஞ்சல்.

இந்தக் குரல் விஷயம்தான் எல்லாவற்றிலும் நுட்பமானது. ‘ஹலோ’வின் இறுதியை மேலே தூக்கி இரண்டாக நீட்டினால் ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்ற பொறுமையின்மை. பேச்சின் நடுவே சொன்னால் ‘இதுகூடத் தெரியாதா’ என்ற ஏளனம். ‘ஓ, ஹாய்’ என்று முதலில் ஒரு ‘ஓ’ விழுந்தால் உங்களை எதிர்பார்க்கவில்லை என்று பொருள். அந்த ‘ஓ’ தாழ்ந்து ஒலித்தால் விரும்பவும் இல்லை. ‘குட் மார்னிங்’ போன்ற சாதுவான சொல்லையும் ஆயுதமாக்கலாம். காலை பத்தரைக்கு உள்ளே வருகிறவரைப் பார்த்து மேலாளர் ‘குட் ஆஃப்டர்நூன்’ என்றால், அவர் கடிகாரம் பழுதாகவில்லை. ‘குட் டே’யைக் கதவைக் காட்டுகிற தொனியில் சொல்வதும் உண்டு. ‘குட் நைட்’ விடைபெறும்போது மட்டும். இரவு எட்டு மணிக்கு வந்து சேர்ந்தாலும் ‘குட் ஈவினிங்’தான்.

எழுத்தில் குரல் இல்லை. அதனால் நிறுத்தக்குறிகள் குரலாகின்றன. குறுஞ்செய்தியில் ‘ஹாய்!’ இயல்பு, ‘ஹாய்.’ என்று முற்றுப்புள்ளி வைத்தால் இளையவர்கள் காதில் கோபம். ‘ஹே’யின் கடைசி எழுத்தை நாலைந்து முறை நீட்டித் தட்டச்சு செய்தால் சரசம், சக ஊழியருக்கு வேண்டாம். மின்னஞ்சலில் பெயரோடு ‘ஹாய்’ போட்டுத் தொடங்குவது இன்று பெரும்பாலான அலுவலகங்களில் போதுமான மரியாதை. முன்பின் அறியாதவருக்கும் விண்ணப்பங்களுக்கும் ‘டியர்’ பொருந்தும். அந்த ‘டியர்’ பின்னால் ஒரு பெயரோ பட்டமோ இருக்கும்வரை வெறும் சம்பிரதாயம். ‘ஹாய் டியர்’ என்று தனியாக நின்றால் உடனே அன்பே, கண்ணே ஆகிவிடும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற பலர் இந்தக் குழியில் விழுகிறார்கள். இன்னொன்று: அரட்டைச் செயலியில் ‘ஹாய்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். நாம் பணிவு என்று நினைக்கிறோம். வேலையில் இருப்பவருக்கு, கதவைத் தட்டிவிட்டு வாய் திறக்காமல் நிற்கும் ஆள்போல் தெரியும். ‘ஹாய்’க்கு அடுத்த வரியிலேயே விஷயத்தை எழுதிவிடுங்கள்.

ஒரே நாளில் அதே ஆளை மறுபடி எதிர்கொண்டால் மீண்டும் ‘ஹவ் ஆர் யூ’ கிடையாது. இரண்டாம் முறை புன்னகையோ ‘ஹே அகெய்ன்’ என்ற சொல்லோ போதும். மூன்றாம் முறை தலையசைப்பு. அமெரிக்க ஆண்களிடையே அந்தத் தலையசைப்பிலும் நீ, நீங்கள் உண்டு. தெரிந்தவனுக்கு முகவாயை மேலே தூக்குவார்கள், தெரியாதவருக்கும் பெரியவருக்கும் தலையைக் கீழே தாழ்த்துவார்கள்.

நாளைக் காலை அந்த மேலாளர் வருவார். எந்தச் சொல்லை அவர் பயன்படுத்துகிறாரோ அதே உயரத்தில் நீங்களும் நில்லுங்கள். அவர் ‘ஹாய்’ என்றால் ‘ஹாய்’, ‘மார்னிங்’ என்றால் ‘மார்னிங்’. ‘வாட்ஸ் அப்?’ என்றால், நடையை நிறுத்தாமல் ‘நாட் மச், யூ?’. பழக்கதோஷத்தில் ‘ஃபைன்’ என்று வந்துவிட்டாலும் திருத்தவேண்டாம். அவர் அதற்குள் பத்தடி போயிருப்பார்.